முதல் வில்லை எடுக்கிறவருக்கு

திருகோணமலை உப்புவெளியில் பைபர் படகு திருத்தும் பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். பின்சுவரில் ஒரு வில் தொங்குகிறது. விரிசல் ஒட்ட வருகிறவர், எஞ்சின் பலகை மாற்ற வருகிறவர், சும்மா கதைக்க வருகிறவர், யாராக இருந்தாலும் கண் அந்தச் சுவருக்குப் போய்விடும். உடனே ஒரு கேள்வி: "அண்ணா, இது எவ்வளவு தூரம் போகும்?" அடுத்தது: "மான் விழுமா?" இந்த இரண்டையும் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் காணாமற்போய்விடுவார்கள். எதுவும் கேட்காமல் அம்பைக் கையில் எடுத்து, இறகை விரலால் நீவிப் பார்க்கிறவர் தங்கிவிடுவார். இந்தக் குறிப்பை அவருக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், குற்றமில்லை.

குறிபார்க்கும் கண்ணாடி, கப்பி, விசைப்பொறி எதுவும் இல்லாத வில்லைத்தான் மரபு வில் என்கிறோம். ஒரு தண்டு, ஒரு நாண், மூன்று விரல், அவ்வளவுதான். தூரத்தில் நின்று சாதிப்பதற்கு இதைவிட நல்ல கருவிகள் பல உண்டு. இந்த வில் ஆளை அருகே போக வைக்கிறது: பழகும்போது இலக்குக்கு அருகே, வேட்டையில் விலங்குக்கு அருகே. அதை ஏற்றுக்கொள்ள முடியாதவர் பணத்தைச் செலவழிக்கவேண்டாம்.

வில் எப்படி ஆளைப் பிடிக்கிறது

நம் பிள்ளைகளுக்கு வில் புதிதன்று. ஈர்க்கை வளைத்து நூல் கட்டி, இன்னோர் ஈர்க்கை அம்பாக்கி, தம்பியின் முதுகில் எய்து அம்மம்மாவிடம் அடி வாங்கியவர்கள்தான் நாம் எல்லோரும். வேட்டைத் திருவிழாவுக்குச் சுவாமி வில்லேந்திப் புறப்படுவதையும், விசயதசமியன்று மானம்பூத் திருவிழாவுக்கு அம்மன் எழுந்தருளுவதையும் அப்பாவின் தோளில் இருந்து பார்த்திருக்கிறோம். ஆனாலும் இதனால் மட்டும் எவரும் வில்லாளி ஆகிவிடுவதில்லை. வளர்ந்த மனிதரை வில் பிடித்துக்கொள்வது, இன்னொருவர் எய்வதை அவர் பக்கத்தில் நின்று பார்க்கும்போதுதான். நாண் விடுபடும் ஒலி, அம்பு நெளிந்து நெளிந்து போய் நேராகிக் குத்தும் காட்சி, இரண்டும் சேர்ந்து ஒரு நொடிகூட ஆகாது. "ஒருமுறை தாருங்கள்" என்று கை தானாக நீளும்.

அமெரிக்காவில் வில் வேட்டை மறுபடி உயிர் பெற்றதும் இப்படித்தான். 1911 இல் கலிபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரில், யாகி இனத்தில் கடைசியாக எஞ்சியிருந்த ஒருவர் காட்டை விட்டு வெளியே வந்தார். இஷி என்று அவரை அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகத்தில் தங்கியிருந்த அவருக்கு வைத்தியம் பார்த்தவர் சாக்ஸ்டன் போப் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். நாடி பார்த்ததோடு நிற்காமல் போப் அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். இஷி 1916 இல் காசநோயால் இறந்தார். போப்பின் கூட்டாளி ஆர்தர் யங். அந்த யங் அலாஸ்காவில் வில்லோடு திரிந்த காட்சிகளை 1927 இல் டெட்ராய்டில் திரையில் பார்த்தவர் பிரெட் பேயர். பிறகு யங்கிடமே வில் செய்யக் கற்று, அமெரிக்காவின் பெயர்பெற்ற வில் உற்பத்தியாளர் ஆனார். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு. அந்தப் பேயர் 1929 இல் வில்லோடு வேட்டைக்குப் போகத் தொடங்கினார். முதல் விலங்கு விழுந்தது 1935 இல். "மான் விழுமா" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இடையில் போன இந்த ஆறு ஆண்டுகள்தான்.

நம் பக்கத்துச் செய்தி இதைவிடப் பழையது. பாய்மரம் இழந்த கப்பலோடு நம் கொட்டியாரக் குடாவுக்குள் வந்து, 1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், தப்பிப்போன பிறகு 1681 இல் வெளியிட்ட நூலில் வேடர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்பு முனை வேண்டுமானால் அவர்கள் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவார்களாம். வேண்டிய முனையின் வடிவத்தில் வெட்டிய இலையையும் அதனோடு வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் செய்து வைத்தால் இன்னும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் ஓர் இரவில் அம்பு வரும். பட்டறைக்காரன் என்ற முறையில் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். முற்பணம் கேட்காமலே வந்துவிடுகிறதே. அந்த வேடர்களின் வழிவந்தவர்கள் இன்றும் நம் மத்தியில் இருக்கிறார்கள். மூதூருக்குத் தெற்கே வெருகல், வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் தமிழ்தான் பேசுகிறார்கள். மீன்பிடிக்கிறார்கள், பயிர் செய்கிறார்கள். வில் பார்க்க வேண்டும் என்று கமெராவோடு அவர்கள் முற்றத்தில் போய் நிற்காதீர்கள்.

சட்டத்தை முதலில் பேசிவிடுவோம்

இலங்கையில் வில் வேட்டை என்று ஒரு பொழுதுபோக்கு இல்லை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மானையோ மரையையோ மயிலையோ எய்தால் நீங்கள் வில்லாளி அல்ல, குற்றவாளி. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வந்த தம்பானை வேடர்களின் காடே 1983 இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவாகி, அவர்களுக்கே வேட்டை தடையாகிவிட்டது. பொழுதுபோகாத நமக்கு விலக்கு எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிரித்தானியாவிலும் வில்லால் வேட்டையாட இடமில்லை. கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் இடமுண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வில் தருவிப்பதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே சுங்கத்தில் கேளுங்கள். ஊர்ப் பொலிஸ் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நம் ஊரில் நீளமான பையோடு நடக்கிற ஆளை இன்னும் இரண்டுதரம் திரும்பிப் பார்ப்பார்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும். முக்கியமாக, கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் மான் நிற்கிறதே என்று வில்லை எடுத்துக்கொண்டு போகவேண்டாம். அந்த வழியில் இருக்கும் பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது என்பது ஒரு காரணம். கச்சான் கடலை விற்கிறவளின் கூடைக்குள் தலையை விடுகிற மானோடு எவருக்கும் வேட்டை உறவு இருக்க முடியாது என்பது இன்னொன்று.

எந்த வில், எத்தனை றாத்தல்

முதலில் உங்கள் இழுப்பு நீளத்தை, அதாவது நாணை எவ்வளவு தூரம் இழுப்பீர்கள் என்பதை, அளவிடுங்கள். சுவரோடு முதுகை ஒட்டி நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5 ஆல் வகுக்கவேண்டும். 65 அங்குலம் வந்தால் உங்கள் இழுப்பு 26 அங்குலம். அந்த நீளத்துக்கு 62 முதல் 66 அங்குல வில் பொருந்தும். குள்ளமான வில் அழகாக இருக்கும். ஆனால் முழுதாக இழுக்கும்போது நாண் கூர்ங்கோணத்தில் மடிந்து விரல்களை நெரிக்கும்.

அடுத்தது இழுப்பு எடை, அதாவது நாணை இழுத்துப் பிடிக்க வேண்டிய பலம். வில்லில் பொறித்திருக்கும் எடை 28 அங்குலத்துக்கு இழுக்கும்போது உள்ள எடை. ஒவ்வோர் அங்குலம் குறையும்போதும் சுமார் 2 முதல் 2.5 றாத்தல் குறையும். 25 றாத்தல் என்று பொறித்த வில், 26 அங்குலம் இழுக்கிறவர் கையில் ஏறக்குறைய 20 றாத்தல்தான்.

இங்கேதான் எங்கள் ஊர் ஆண்களோடு எனக்கு ஓயாத சண்டை. வலை இழுக்கிறவன், எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கு வருகிறவன், 25 றாத்தலைக் காட்டினால் சிரிக்கிறான். அவனுக்கு 45 வேண்டுமாம். சரி என்று கொடுத்தால் இழுத்துவிடுவான், உண்மைதான். ஆனால் இழுத்ததை நிறுத்த முடியாது. தோள் காதுக்கு ஏறும், முகம் நாணைத் தேடிப் போகும், முழு இழுப்பு வருவதற்கு முன்பே விரல் விட்டுவிடும். இந்தப் பழக்கம் ஒருமுறை உடம்பில் ஏறினால் இறக்குவதற்குப் பல மாதம் எடுக்கும். முழுதாக இழுத்து, பத்து எண்ணும் வரை நடுங்காமல் நிறுத்த முடிகிற வில்தான் உங்களுடைய வில். வளர்ந்தவர்களுக்கு 20 முதல் 25 றாத்தல், சிறுபிள்ளைகளுக்கு 10 அல்லது 12. கழற்றிப் பூட்டும் வில்லாக இருந்தால் கைப்பிடியை வைத்துக்கொண்டு மேலும் கீழும் வளைகிற தண்டுகளை மட்டும் பிறகு மாற்றலாம். முதல் வில்லுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

வில்லின் எடையில் சந்தேகம் வந்தால் மீன் நிறுக்கும் தொங்கு தராசை நாணில் கொளுவி, உங்கள் இழுப்பு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள். 10 கிலோ காட்டினால் 22 றாத்தல்.

நீர்க்குழாயைச் சூடாக்கி வளைத்து வில் செய்யும் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. பிவிசி குழாய் வெயிலில் கிடந்தால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். இழுத்த நிலையில் உடைந்தால் துண்டு முகத்துக்குத்தான் வரும். அந்த வில் என் வளவுக்குள் வரக் கூடாது.

மூங்கிலில் ஒரு சின்ன வில்

பிள்ளைகளுக்குக் கொடுக்கவும், வில் என்றால் என்ன என்று உங்கள் கைக்கே விளங்கவும் ஒரு மூங்கில் வில் செய்து பார்ப்பது நல்லது. முற்றிய மூங்கிலைப் பிளந்து நிழலில் நன்றாகக் காயவையுங்கள். ஏறக்குறைய ஐந்தடி நீளம், நடுவில் ஒன்றரை அங்குல அகலம், முனைகளில் அரை அங்குலம் என்று ஒடுங்கிப் போகட்டும். மூங்கிலின் பலம் எல்லாம் அதன் வெளித்தோலை ஒட்டிய நார்களில் இருக்கிறது. ஆகவே அந்தப் பக்கம் இலக்கைப் பார்க்கவேண்டும். அதில் கத்தி படவே கூடாது, கணுக்களின் புடைப்பைக்கூடச் சீவ வேண்டாம். சீவுவதெல்லாம் உங்களைப் பார்க்கிற உட்பக்கத்தில்.

வேலையின் உயிர் வளைவைச் சமப்படுத்துவதில் இருக்கிறது. வில்லின் நடுவைச் சுவரில் அடித்த ஒரு கட்டையில் தாங்கவைத்து, தளர்வான நாணைக் கீழ்நோக்கி மெல்ல இழுத்து, நாலடி பின்னால் போய் நின்று பாருங்கள். பட்டறைச் சுவரில் கரிக்கட்டியால் கட்டம் கீறி வைத்திருக்கிறேன். இரண்டு தண்டுகளும் எந்தக் கட்டம் வரை இறங்குகின்றன என்று அதில் தெரியும். ஓரிடம் விறைப்பாக நின்றால் அங்கே மட்டும் கண்ணாடித் துண்டால் சுரண்டவேண்டும். ஓரிடம் அளவுக்கு மேல் மடிந்தால் அதைத் தொடாமல் அதன் இரு பக்கத்தையும் சுரண்டவேண்டும். நாலு தடவை சுரண்டினால் இருபது முப்பது தடவை இழுத்து விடுங்கள். நார் பழகிய பிறகுதான் உண்மையான வளைவு தெரியும். அவசரப்படுகிறவர் இந்த இடத்தில் விறகுதான் செய்வார்.

படகுத் தொழிலில் இருக்கிற தம்பிமார்களுக்குத் தனியாக ஒன்று. கடையில் நாம் வாங்கும் பாய் இழை வில்லுக்கு ஆகாது. அதில் இழைகள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. படகின் உடலுக்கு அது தேவை. வில்லில் விசை நீளவாக்கில் மட்டும் ஓடுவதால் இழைகள் அனைத்தும் ஒரே திசையில் கிடக்கிற கண்ணாடிப் பட்டி வேண்டும். ஒட்டுவதற்கும் நம் வழக்கமான பொலியெஸ்டர் ரெசின் போதாது, எபொக்சி வேண்டும்.

அம்பு

பணம் மட்டாக இருந்தால் வில்லில் மிச்சம் பிடியுங்கள், அம்பில் பிடிக்காதீர்கள். சுமாரான வில்லால் ஒரே மாதிரியான அம்புகளை எய்தால் அவை ஓரிடத்தில் கூடும். அருமையான வில்லால் ஆளுக்கொரு மாதிரியான அம்புகளை எய்தால் அவை ஊரெல்லாம் போகும்.

நாணின் தள்ளலில் அம்பு முதலில் வளைகிறது. அப்படி வளைந்துதான் வில்லின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியே போகிறது; பிறகு இரண்டு மூன்று நெளிவில் நேராகிறது. ஆகவே அம்பின் விறைப்பு வில்லின் எடைக்குப் பொருந்தவேண்டும். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு, விறைப்பு கூடிய அம்பு இடப்பக்கம் ஒதுங்கும், குறைந்தது வலப்பக்கம் ஒதுங்கும். பிழை தன்னுடையதா அம்பினுடையதா என்று தெரியாமல் புதியவர் குழம்புவது இதில்தான். 20, 25 றாத்தல் வில்லுக்கு விறைப்புக் குறைந்த அம்பே போதும்.

பிளாஸ்டிக் சிறகு ஒட்டிய அம்பைக் கைப்பிடித் தட்டில் நேரடியாக வைத்து எய்தால் தட்டி எகிறும். உண்மையான இறகு மடிந்து கொடுக்கும். மூன்று இறகுகளும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வரவேண்டும். இடது, வலது கலந்தால் அம்பின் சுழற்சி கெடும். வான்கோழி இறகுதான் உலகமெங்கும் பழக்கத்தில் இருக்கிறது. காபன் அம்பாக இருந்தால் ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் இரு முனையையும் பிடித்து மெல்ல வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். "கிறிச்" என்றால் முறித்து எறிந்துவிடுங்கள். வெடித்த காபன் அம்பு நாணிலேயே பிளந்து கைக்குள் ஏறும்.

ஐந்தடியில் இருந்து

ஆதிக்கக் கண் எது என்று முதலில் பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவே ஒரு சிறு துவாரம் விட்டு, அதற்குள்ளால் தூரத்துத் தென்னையின் குருத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது, எந்தக் கண்ணுக்குக் குருத்து துவாரத்திலேயே நிற்கிறதோ அதுதான் ஆதிக்கக் கண். வலக்கண் என்றால் இடக்கையில் வில், வலக்கையில் நாண்.

இலக்குக்குப் பெரிய செலவில்லை. வெற்று உரப்பைக்குள் பழைய சாரம், சேலை, பொலித்தீன் எல்லாவற்றையும் இறுக்கி அடையுங்கள். தெறி, சிப்பு, கொளுக்கி ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. அம்பு பட்டால் முனை வளையும், சிலநேரம் திரும்பியும் வரும். பின்னால் மதில் வேண்டும். 25 றாத்தல் வில்லால் எய்த அம்புகூட 100 மீற்றருக்கு மேல் போகும். கடற்கரை வெறுமையாகத்தான் கிடக்கிறது என்பார்கள். வலை பின்னுகிறவர், கரையில் ஓடும் பிள்ளை, படகு நிழலில் உறங்கும் நாய், மூன்றும் நீங்கள் நாணை இழுத்த பிறகே கண்ணில் படும். வானத்தை நோக்கி ஒருபோதும் எய்யாதீர்கள். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடவும் வேண்டாம். அம்புக்குப் போகவேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளே திரும்பி, தண்டு பிளந்துவிடும்.

உரப்பையிலிருந்து ஐந்தடி தள்ளி நில்லுங்கள். ஐந்து மீற்றர் அல்ல, ஐந்தடி. பையில் எந்தப் புள்ளியும் வேண்டாம். வில்லை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பெருவிரலின் அடிச்சதையில் அது சாய்ந்து நிற்கட்டும், மற்ற விரல்கள் சும்மா கிடக்கட்டும். முழங்கையின் உட்பக்கம் மேலே பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்குமாறு சற்றுத் திருப்புங்கள். இதைச் செய்யாதவரின் முன்கையில் நாண் அடித்து, கத்தரிக்காய் நிறத்தில் ஒரு தழும்பு ஒரு வாரம் நிற்கும். தோல் காப்பு கட்டலாம். ஆனால் காப்பை நம்பி முழங்கையை மறந்துவிடுகிறார்கள். மூன்று விரல்களின் முதல் மடிப்பில் நாணைக் கொளுவி, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்குமாறு முதுகால் இழுங்கள். நடுவிரலின் நுனி உதட்டுக் கடையில் வந்து தங்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடம். உள்ளே ஒரு கடைவாய்ப் பல்லை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் ஓர் அங்குலம் முன்னே போனாலும் வில்லின் எடை மாறிவிட்டது, உயரம் மாறிவிட்டது.

விடுவதற்கென்று தனியாக ஒன்றும் செய்யவேண்டாம். விரல்கள் தளர்ந்தால் நாண் தானே போய்விடும். கை கன்னத்தை உரசியபடி பின்னால் போகும். அம்பு குத்தும் ஒலி வரும் வரை வில் பிடித்த கை அசையக் கூடாது. பிறகு கண்ணை மூடிக்கொண்டும் இதையே செய்யுங்கள். ஐந்தடியில் பை தப்பாது, பயமில்லை. கண் மூடியிருக்கும்போதுதான் தோள் ஏறுவதும் பிடி இறுகுவதும் தெரியவரும். என்னிடம் வருகிறவர்களை முதலில் பல நாள் இந்த ஐந்தடியை விட்டு நகர விடுவதில்லை. சலிப்பாக இருக்கிறது என்று போனவர்களும் இருக்கிறார்கள். போகட்டும்.

பிறகு ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு புள்ளி ஒட்டி, பத்து மீற்றருக்கு வரலாம். குறி பார்ப்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, புள்ளியை மட்டும் முறைத்துப் பார்த்து உடம்பை நம்பி விடுவது. மற்றது, அம்பு முனை புள்ளிக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று அந்த இடைவெளியைக் கணக்கு வைப்பது. இரண்டாவதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றுமில்லை. இரண்டும் முடிவில் ஒரே இடத்தில்தான் வந்து சேரும். கை நடுங்கத் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். களைத்த பிறகு எய்கிற அம்பெல்லாம் பிழையைப் பழக்குகிற அம்பு.

கச்சானும் வாடையும்

எந்தக் கையேட்டிலும் திருகோணமலை வெயிலுக்கு அத்தியாயம் இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது பகலில் வில்லைத் தொடவேண்டாம். பத்து மீற்றரில் அம்பைக் காற்று பெரிதாகத் தள்ளாது. வில் பிடித்த கையைத்தான் தள்ளும். விடியற்காலையில், காற்று எழும்புவதற்கு முன்பே எய்து முடியுங்கள். வியர்த்த விரலுக்குக் கொஞ்சம் முகப்பவுடர் போதும்.

பைபர் ஒட்டிய வில்லைத் தகரக் கூரைக்கு அடியிலோ பூட்டிய வாகனத்துக்குள்ளோ வைக்காதீர்கள். வெக்கையில் பசை இளகி அடுக்கு கழன்றுவிடும். மர வில்லையும் மூங்கில் வில்லையும் எய்து முடித்தவுடன் நாணிறக்கி வையுங்கள். நாண் ஏற்ற இறக்கக் கயிறு ஒன்று உண்டு, அதையே பயன்படுத்துங்கள். காலுக்கிடையில் வில்லை மாட்டி வளைத்தால் தண்டு முறுகிவிடும். உப்புக்காற்று ஆணிகளையும் அம்பு முனைகளையும் தின்னும், எண்ணெய்த் துணியால் துடையுங்கள். நாணுக்குத் தேன்மெழுகு. வாடைக் காற்றோடு மாரி தொடங்கினால் இறகு நனைந்து படிந்து அம்பு தாறுமாறாகப் போகும். அந்த மாதங்களில் கூரைக்குள்ளே, ஐந்தடியில், பழைய பாடத்தைத் திரும்பப் படிக்கலாம்.

வேட்டைக்குப் போகத்தான் போகிறேன் என்பவருக்கு

அக்காவின் மகன் ஒன்ராறியோவில் இருக்கிறான். இங்கே என் பட்டறையில் நாண் பிடித்தவன் அங்கே போய்ப் பயிற்சி வகுப்பு முடித்து, சோதனை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, இலையுதிர்காலத்தில் வெள்ளைவால் மானுக்குப் போகிறான். மரப் பரணில் ஏறினால் உடம்பு முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டி கட்டாமல் இருக்காதே என்பதுதான் அவனுக்கு நான் சொல்லும் முதல் புத்தி. மானால் அடிபட்டவர்களைவிடப் பரணிலிருந்து விழுந்து அடிபட்டவர்கள்தான் அதிகம். வேட்டைக்கு வில்லின் எடையும் கூட வேண்டும். பல இடங்களில் மானுக்கு 40 றாத்தல் அளவுக்குக் கீழே அனுமதிப்பதில்லை. 25 இல் தொடங்கி அங்கே ஏறுவதற்கு ஓரிரு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தைப் பற்றி அவனோடு நான் ஒரு கணக்குப் போட்டேன். மரபு வில்லிலிருந்து அம்பு செக்கனுக்கு ஏறக்குறைய 50 மீற்றர் வேகத்தில் போகிறது. நாணின் ஒலி 340 மீற்றர் வேகத்தில் போகிறது. 18 மீற்றரில் நிற்கும் மானுக்கு ஒலி ஏறக்குறைய ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கில் போய்விடும். அம்பு போகச் செக்கனின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். இடையில் இருக்கும் நேரத்தில் திடுக்கிட்ட மான் பாய்வதற்காக உடலைக் கீழே தாழ்த்திவிடும். நெஞ்சைக் குறித்த அம்பு முதுகில் படும், அல்லது மேலால் போகும். ஆகவே 20 யார், அதாவது ஏறக்குறைய 18 மீற்றர், தூரத்துக்கு மேல் எய்யாதே என்று பழையவர்கள் சொல்வது வெறும் வீம்பு அல்ல.

மான் பக்கவாட்டாக நிற்கவேண்டும், அல்லது சற்று அப்பால் திரும்பியிருக்கவேண்டும். குறி முன்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலுக்கு. நேர்முகமாக நின்றால் வில்லைத் தாழ்த்துங்கள். வேட்டை முனை சவர அலகைப் போல் வெட்டவேண்டும். துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும், அம்பு இரத்தம் போக்கித்தான் கொல்லும். எய்தவுடன் பின்னால் ஓடாமல் குறைந்தது அரை மணி நேரம் இருந்த இடத்திலேயே இருங்கள். குடலில் பட்டிருந்தால் பல மணி நேரம் பொறுக்கவேண்டும். துரத்தினால் அது மைல் கணக்கில் ஓடி, கிடைக்காமலே சாகும்.

இங்கே இருக்கிற நமக்கு இதில் பாதிதான் வாய்க்கும். என்னைக் கேட்டால் அதுவே நல்ல பாதி. வில்லை வீட்டில் வைத்துவிட்டுத் தம்பலகாமத்து வயல் வரப்பில் ஒரு கொக்கை நோக்கி நடந்து பாருங்கள். இருபது யார் தூரத்துக்குள் போக முடிகிறதா? அது குனிந்து இரை கொத்தும்போது மட்டும் அடி எடுத்து வைக்கவேண்டும்; தலை நிமிர்ந்தால் தூக்கிய கால் தூக்கியபடியே நிற்கவேண்டும். நேரே போகாமல் சாய்வாக, அதைப் பார்க்காதவர் போலப் போகவேண்டும். கொக்கோடு பழகியவர் கோட்டைக்குள் போய் மானின் காதுகளைப் பார்க்கலாம்: தலை புல்லில் இருக்கும், ஒரு காது மட்டும் தனியாகத் திரும்பி உங்கள் செருப்புச் சத்தத்தைத் தேடும். முன்கால் எங்கே முடிகிறது, நெஞ்சு எங்கே தொடங்குகிறது என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். எய்வதற்கு ரெஜிபோமில் பன்றி, மான் உருவம் வெட்டி, வளவின் மூலையில் புதருக்குப் பின்னால் பாதி மறைத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் நிற்கிற இடத்தை மாற்றி, ஓரிடத்திலிருந்து ஓர் அம்பு மட்டும் எய்யுங்கள். வேட்டையில் இரண்டாவது அம்புக்கு இடம் கிடைப்பது அபூர்வம்.

பட்டறைக்கு வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், வெயில் ஏறுவதற்கு முன். மூடிய சப்பாத்து கட்டாயம். தொங்கும் சங்கிலி, அகலக் கைச்சட்டை வேண்டாம். நீள முடி என்றால் கட்டிக்கொண்டு வாருங்கள். கைவசம் பழைய சாரம் இருந்தால் ஒன்று கொண்டுவாருங்கள், உரப்பை இளகிப்போய்க் கிடக்கிறது. ஒருவர் அம்பெடுக்கப் போகும்போது மற்றவர்கள் வில்லைக் கீழே வைத்துவிடவேண்டும். "எவ்வளவு தூரம் போகும்" என்று கேட்பவர் வேலியைச் சுற்றிப் போய் என் பக்கத்து வீட்டாரிடம் கேட்கலாம். அவர் வளவுக்குப் போன அம்புகளை அவர்தான் எண்ணி வைத்திருக்கிறார்.